மரத்துக்கு ‘வைரம் பத்தாது’ என்கிறார் ஆசாரி, என்ன அர்த்தம்?

கேள்வி:
புது வீட்டு நிலைக்காக அப்பா வைத்த தேக்கை அறுத்தோம். ஆசாரி ஒரு சட்டத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வைரம் பத்தாது தம்பி, வெள்ளைதான் அதிகம்” என்று ஒதுக்கிவிட்டார். அறுத்த முகத்தில் நடுவே தேன் நிறம், சுற்றிலும் மூன்று விரல் அகலத்துக்கு வெளுப்பு. மரத்தில் ஏது வைரம்? வெள்ளை உதவாதா?

பதில்:
தம்பி, அந்தத் தேன் நிறத்தில் முற்றி இறுகிய உள்மரம்தான் வைரம். நகை வைரமும் இதுவும் ஒரே சொல்; வடமொழி ‘வஜ்ரம்’ பிராகிருதம் வழியாக இப்படி ஆனது. நம்முடைய பழைய சொல் ‘காழ்’. தொல்காப்பியம் மரபியலில் மரம் எது என்று சொல்வதே இதை வைத்துத்தான்: “புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப.” பனையை வெட்டிப் பாருங்கள். கறுத்த உறுதியெல்லாம் வெளிப்பக்கம், நடுவில் நார் நாராய் உதிரும். அந்தக் கணக்கில் பனை புல்தான்! இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலை (விதைக்குள் ஒற்றை இலை உள்ளவை) கூட்டத்தில்தான் வைக்கிறது.

கேட்டவர்:
அண்ணா, ‘காழ்ப்புணர்ச்சி’யில் வருவதும் இந்தக் காழ்தானா?

பதில்:
அதேதான். காழ்த்தல் என்றால் முற்றி இறுகுதல். குறள் 879: “இளைதாக முள்மரம் கொல்க களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து.” முள்மரத்தை இளசிலேயே வெட்டிவிடு, காழ் ஏறிவிட்டால் வெட்டுகிறவன் கையைத்தான் அது பதம் பார்க்கும். பகையைப் பற்றிய குறள் இது. மனசுக்குள் வைரம் பாய்ந்துபோன வெறுப்புக்குக் காழ்ப்பு என்று பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

இன்னொருவர்:
ஆசாரி சொன்னது சரி. வெள்ளை, மரம் உயிரோடு இருந்தபோது தண்ணீர் ஏற்றிய பகுதி. அதில் மாவுச்சத்து இருக்கும், பூச்சி தேடி வரும். வயது ஏற ஏற உள்பக்கம் நீர் ஏற்றுவதை நிறுத்திவிடும், எண்ணெய்ப் பொருள்கள் படிந்து நிறம் மாறும். தேக்கு வைரத்தைக் கரையான் லேசில் தொடாது. நிலைக்கால் தரையை ஒட்டி நிற்பது, ஈரம் ஏறும். அங்கே வெள்ளை வேண்டவே வேண்டாம். மரத்துக்கு எத்தனை வயது?

கேட்டவர்:
14 வருஷம்.

இன்னொருவர்:
அதுதான். இளமரம், வெள்ளை கூடத்தான் இருக்கும். ஓரத்தைக் கழித்துவிட்டு வைரத்தை மட்டும் சின்னப் பலகையாக எடுக்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா. நிலைக்கு வேங்கை வாங்கிக்கொள்கிறோம். அப்பாவின் தேக்கில் கிடைக்கிற வைரத்தைப் பூஜை அறைக் கதவுக்கு எடுக்கச் சொல்லிவிட்டேன்.