விடுதி அறையில் ஜெபக் குழு: சரியா, தப்பா?

பாலக்கோட்டான்:
அக்கா மகள் தருமபுரியில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சீனியர் பெண்கள் நடத்தும் ஜெபக் குழுவுக்கு அவள் போவது எங்களுக்கு இந்த மாரியம்மன் பண்டிகையில்தான் தெரிந்தது. பொங்கல் வைத்துப் படைத்து இலையில் போட்டால், "எனக்கு வேண்டாம் மாமா" என்று வெறும் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை, பாத்திரத்தைத்தான் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் படிக்க அனுப்பிய இடத்தில் ஒரு மதத்துக்காரர்கள் அறை அறையாகப் போய் ஆள் சேர்க்கலாமா? இங்கே படித்தவர்கள் சொல்லுங்கள்.

ஒகேனக்கல் சாரல்:
"ஆள் சேர்ப்பு" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டுக் கேட்கிறீர்கள் அண்ணா. கிருஷ்ணகிரி பக்கம் பொறியியல் படித்தபோது நானும் இப்படி ஒரு குழுவில் இருந்தேன். இ.யூ., அதாவது இவாஞ்சலிக்கல் யூனியன் என்போம். யு.இ.எஸ்.ஐ. (யூனியன் ஆஃப் இவாஞ்சலிக்கல் ஸ்டூடன்ட்ஸ் ஆஃப் இந்தியா) என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பின் கிளை. 1954-இல் தொடங்கியது. முன்னோடிகளில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் ஈனோக். வெள்ளைக்காரப் பாதிரி வந்து நடத்துவதில்லை. மாணவர்களே நடத்துவார்கள், படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள் செலவுக்குக் கொடுப்பார்கள்.

நடப்பது என்ன தெரியுமா? விடுதி மொட்டைமாடி, இரண்டு பாய், கொசுவர்த்திச் சுருள். ஒரு வேதாகமத்தை நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டு மாற்கு சுவிசேஷத்தில் பத்து வசனம் வாசிப்போம். இயேசு இங்கே யாரிடம் பேசுகிறார், அவருக்கு ஏன் கோபம் வந்தது என்று ஆளாளுக்குச் சொல்லுவோம். பிரசங்கம் கிடையாது. அப்புறம் அரியர், அப்பாவின் வட்டிக் கடன், தம்பியின் குடி, எல்லாவற்றுக்கும் ஜெபம். தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கல்லூரியில் திடீரென்று எல்லாம் இங்கிலீஷ். முதல் செமஸ்டரில் நாலு பேப்பர் போனது. அவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது இந்த அக்காக்கள்தான். கடைசி வருஷம் வரை திருநீறு வைத்துக்கொண்டுதான் மாடிக்கு வந்தாள். யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

தகடூர் நாத்திகன்:
அங்கேதான் சிக்கலே. கணக்கு சொல்லிக் கொடுக்கிற அதே கைதான் வேதாகமத்தையும் நீட்டுகிறது. வாங்கிய நன்றிக்கடனோடு அந்தப் பெண் எப்படி "இன்றைக்கு வரவில்லை அக்கா" என்பாள்? ரெக்கார்டு நோட்டு, பழைய கேள்வித்தாள், தலைவலி என்றால் மாத்திரை, எல்லாம் அந்த அறையிலிருந்துதான் வரவேண்டும் என்றால் அது அழைப்பு இல்லை, பிடி.

ஒருதலைப்பட்சம் என்று யாரும் வரவேண்டாம், இதையும் சொல்லிவிடுகிறேன். அரசுக் கல்லூரி லேபில் ஆயுத பூஜைக்கு மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் இதே பதில்தான்: வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டான்:
ஆயுத பூஜை பண்பாடு சார். அதில் யாரும் யாரையும் மாற்றுவதில்லை.

தகடூர் நாத்திகன்:
அந்த லேபில் படிக்கிற முஸ்லிம் பையனிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கோவிலூர்க்காரன்:
இது இந்து–கிறிஸ்தவர் சண்டை மட்டும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். தருமபுரி மறைமாவட்டம் 1997-இல்தான் வந்தது, எங்கள் கோவிலூர் கோயில் (சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) அதற்கெல்லாம் ரொம்ப மூத்தது. என் தங்கையிடம் விடுதியில் ஒரு பெண் "நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். பிறந்த மாதமே ஞானஸ்நானம் வாங்கி, தவக்காலத்தில் கறி தொடாமல் வளர்ந்தவளிடம்! மாதா படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னார்களாம். எங்களிலும் மாணவர் இயக்கம் உண்டு, அய்க்கஃப் என்ற அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு 1924-இலிருந்து இருக்கிறது. சேரிக்குப் போ, ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்று கேள், இதுதான் அங்கே பாடம். அடுத்த கட்டிலில் இருப்பவளின் ஆத்துமாவை எண்ணிக்கொண்டிருக்க மாட்டோம்.

பர்கூர் பாலன்:
நான் இப்போது ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மாதா படம் விஷயம் உண்மையென்றால் தப்பு, எந்தக் குழு என்று தெரியவில்லை. விடுதிகளில் ஒரே குழு மட்டும் வேலை செய்வதில்லை. சபைகளிலிருந்து நேரடியாக வருகிறவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். அழைப்பதே தப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்சிக்காரன் உறுப்பினர் சீட்டோடு கல்லூரி வாசலில் நிற்கிறான். நான் நம்புவதைச் சொன்னால் மட்டும் குற்றமா?

அரூர் வக்கீல்:
சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அரசமைப்பின் 25-ஆவது உறுப்பு மதத்தைப் பரப்பும் உரிமையையும் தருகிறது. ஆனால் பரப்பும் உரிமை அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 28-ஆவது உறுப்பின்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரி மதபோதனை நடத்தக் கூடாது. இது கல்லூரிக்கு விதித்த தடை. மாணவிகள் தாங்களாக மாடியில் உட்கார்ந்து வாசிப்பதை அது தொடவில்லை. அதற்கு அனுமதி உண்டா இல்லையா என்பது வார்டன், விடுதி விதி சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-இல் ஜெயலலிதா அரசே அதைத் திரும்பப் பெற்றது. ஆக, பாலக்கோட்டாரே, போலீஸுக்குப் போகலாமா என்று யோசித்திருந்தால் வேண்டாம்.

பாலக்கோட்டான்:
போலீஸ் எல்லாம் யோசிக்கவில்லைங்க. எங்கள் வீட்டுச் சோற்றை ஏன் ஒதுக்குகிறாள் என்பதுதான் உறுத்துகிறது.

ஒகேனக்கல் சாரல்:
அதில் நான் உங்கள் பக்கம் அண்ணா. அந்தக் காலத்துக் கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவர்களிடமும், படைத்ததைச் சாப்பிடலாமா என்று இதே சண்டைதான் நடந்தது. அவர்களுக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதிய முதலாம் நிருபம் எட்டாம் அதிகாரத்தில் விக்கிரகம் ஒன்றுமில்லை, சாப்பாடு நம்மைக் கடவுளிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது என்கிறார். மாற்கு ஏழில் இயேசு, கடவுளுக்குக் காணிக்கை என்று சாக்குச் சொல்லி அப்பா அம்மாவைக் கைவிடுகிறவர்களைக் கடிந்துகொள்கிறார். இதைச் சொல்லித் தராமல் இலையை ஒதுக்க மட்டும் சொல்லித் தந்திருந்தால் அது அரைகுறைப் பாடம்.

பர்கூர் பாலன்:
அக்கா, பத்தாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால் அவர் மனசாட்சிக்காகச் சாப்பிட வேண்டாம் என்றும் அதே பவுல்தான் எழுதுகிறார். அந்தத் தங்கை யாரையும் திட்டவில்லை, அமைதியாக ரசம் ஊற்றிக்கொண்டாள். அதற்கு அவளுக்கு உரிமை இல்லையா? பொங்கலைத் தின்றே ஆகவேண்டும் என்பதும் கட்டாயம்தானே!

தகடூர் நாத்திகன்:
இது நல்ல கேள்வி. மாமாக்காரர் பதில் சொல்லட்டும்.

பென்னாகரம் டீச்சர்:
நான் ஒரு கல்லூரி விடுதியில் துணை வார்டனாக இருந்தவள். தடை போட்டுப் பார்த்தோம். போட்ட வாரமே கூட்டம் குளியலறைக்குப் பக்கத்து வராந்தாவுக்குப் போய்விட்டது, கதவுக்கு ஒருத்தி காவல். அப்புறம் தடையை எடுத்துவிட்டு, எதுவானாலும் பொது ஹாலில், கதவு திறந்து, ஒன்பது மணிக்குள் என்று மாற்றினோம். முதல் வருஷப் பெண்களை அறைக்குப் போய்க் கூப்பிடக் கூடாது, நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடலாம். நான் இதைவிட முக்கியமாக நினைத்தது இன்னொன்று: பாடம் எடுக்கிற ஆசிரியர் அந்தக் கூட்டத்தில் உட்காரக் கூடாது. இன்டர்னல் 25 மதிப்பெண் அவர் கையில். அவர் ஒன்றும் செய்யமாட்டார் என்று நமக்குத் தெரியலாம், பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தெரியாது. இதே விதியை ஐயப்ப பஜனைக்கும் வைத்தோம், அதற்குத்தான் அதிகம் திட்டு வாங்கினேன். பாலக்கோட்டாரே, அந்தப் பெண்ணிடம் யாராவது பேசினீர்களா?

பாலக்கோட்டான்:
நேற்று போன் போட்டேன் டீச்சர். கத்தவில்லை. "அங்கே என்னை யாரும் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை மாமா" என்றாள். எனக்கு வாயடைத்துவிட்டது. இதுவரை இங்கே சொல்லவில்லை, நாங்கள் பட்டியல் சாதி. விடுதியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் முதல் மாதம் முழுக்கக் காலியாகவே கிடந்ததாம். சரி, போகட்டும். ஆனால் வக்கீல் சார், அவள் குரூப் 4-க்குப் படிக்கிறாள். ஞானஸ்நானம் என்று போனால் சர்டிபிகேட் என்ன ஆகும்?

அரூர் வக்கீல்:
கூட்டத்துக்குப் போவதால் ஒன்றும் ஆகாது. மதம் மாறினால் ஆகும். யார் பட்டியல் சாதி என்று சொல்லும் 1950 குடியரசுத் தலைவர் ஆணையில் இந்துக்கள், பிறகு 1956-இல் சீக்கியர், 1990-இல் பௌத்தர் மட்டும்தான். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவாள். பட்டியல் சாதிக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டை விட்டு, பிற்படுத்தப்பட்டோரின் 26.5 சதவீதத்தில் பெரிய கூட்டத்தோடு போட்டி. உதவித்தொகை போன்ற சில சலுகைகளை மாநில அரசு மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் தருகிறது, வேலை இடஒதுக்கீடு வேறு கணக்கு. சித்தேரி மலையில் வாழும் மலையாளி (கேரளத்துக்காரர் இல்லை) மாதிரிப் பழங்குடியினருக்கு இந்தச் சிக்கல் இல்லை. விசுவாசத்தில் ஒன்று, சர்டிபிகேட்டில் ஒன்று என்று இருக்கலாமா என்றால், 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்பின் மீதான மோசடி என்றே சொல்லிவிட்டது.

ஒகேனக்கல் சாரல்:
இந்த ஆணையே அநியாயம். மேல்சட்டை மாறினால் தீண்டாமை போய்விடுமா? எங்கள் கல்லறைத் தோட்டங்களிலேயே போகவில்லை. ஆனால் பாலன் தம்பி, உன்னிடம் ஒன்று. உங்கள் குழுவில் ஞானஸ்நானம் கேட்டு வரும் எஸ்.சி. பிள்ளைகளிடம் இதை யாராவது முன்கூட்டியே சொல்கிறீர்களா?

பர்கூர் பாலன்:
குழுவில் நாங்கள் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை அக்கா, அது சபையின் வேலை. சொல்வதும் இல்லைதான். சர்டிபிகேட்டைப் பார்த்தா இயேசுவை நம்பச் சொல்வது?

தகடூர் நாத்திகன்:
நம்பச் சொல்கிறவர் முழுசாகச் சொல்லட்டும். சிலுவையைச் சுமக்க வேண்டும் என்று மாடியில் சொல்லத் தெரிகிறது, தாலுகா ஆபீஸில் என்ன நடக்கும் என்று சொல்ல வராதா?

பர்கூர் பாலன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். டிசம்பர் கேம்புக்கு ஒரு வக்கீலைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கிறேன். பெரியவர்கள் சம்மதிப்பார்களா என்று தெரியாது. பாலக்கோட்டு மாமா, உங்கள் அக்கா மகளிடம் இதைப் பற்றிப் பேச யாராவது வேண்டுமென்றால் சாரல் அக்காவைப் பேசச் சொல்லுங்கள், நான் வேண்டாம்.

பாலக்கோட்டான்:
வக்கீல் சொன்னதை அவளுக்கு அனுப்பிவிட்டேன். முடிவு அவளுடையது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஊர்த் தீமிதி, அதற்கு அவள் வருவாளா என்று அக்கா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள்.