ரெண்டு டயர் மட்டும் மாத்துனா புதுசு முன்னாடியா பின்னாடியா? கூட ஜாக்கி வழுக்குன கதையும்

குலசேகரம்_பய:
மக்களே ஒரு டவுட்டு, கொஞ்சம் நீளமா போவும் பொறுத்துக்கணும். போன வருஷம் செகண்ட்ஹேண்ட்ல ஒரு ஸ்விஃப்ட் எடுத்தேன், டயர் சைஸ் 165/80 ஆர்14. வாங்கும்போ நாலு டயர்லயும் பட்டன், அதான் ரோட்டுல படுற ரப்பர் கட்டை, நல்லா கெடந்துச்சு அதனால ஒண்ணும் யோசிக்கல்ல. அம்மைக்கு ட்ரீட்மெண்டுக்கு வாரத்துல ஒரு நாளு திருவனந்தபுரம் போணும், மார்த்தாண்டம் களியக்காவிளை வழிதான். போன செவ்வாக்கிழமை திரும்பி வரும்போ நல்ல மழை, தண்ணி கெட்டி கெடந்ததுல குழி எது ரோடு எதுன்னு தெரியல்ல, கேரளாவுக்கு லோடு எறக்கிட்டு வாற கல்லு லாரி ஒண்ணுக்க பின்னாலயே வந்தேன், இடது முன் வீலு ஒரு குழியில டமார்னு விழுந்துச்சு. ரிம்முக்கு ஒண்ணும் ஆவல்ல, காத்தும் எறங்கல்ல. மறுநாள் காலத்த பாத்தா டயருக்க சைடுல எலுமிச்சங்கா சைசுக்கு ஒரு வீக்கம்.

கடையில காட்டுனேன். முன்னாடி ரெண்டும் உள்பக்கமா மட்டும் தேஞ்சு கெடக்கு, ரெண்டையும் மாத்தணும், புதுச முன்னாடி போட்டுட்டு பின்னாடி உள்ளத அப்பிடியே விட்ரலாம்னு சொன்னாவ. எனக்க மச்சான் சொல்லுதான் வீக்கமெல்லாம் ஒண்ணும் செய்யாது, காத்த கொஞ்சம் கொறச்சு வச்சு ஓட்டு, மழை முடிஞ்ச பொறவு பாக்கலாம்னு. யாரு சொல்லுதது செரி?

இன்னொண்ணு, நேத்து வீட்டுலயே ஸ்டெப்னி மாட்டலாம்னு வாசல் முத்தத்துல ஜாக்கி போட்டேன், நட்ட லூஸ் பண்ண ஸ்பானர மிதிச்சதும் வண்டி அப்பிடியே முன்னால நகந்து ஜாக்கி சாஞ்சுட்டு. கை உள்ள இல்லாததுனால தப்பிச்சேன். அதுல நான் என்ன தப்பு செஞ்சேன்னும் சொல்லுங்க.

வடசேரி_வண்டிக்காரன்:
மொதல்ல மச்சான் பேச்ச கேக்காத. வீக்கம்னா உள்ள இருக்குற நூலு அறுந்துட்டுன்னு அர்த்தம், அந்த எடத்துல இப்ப காத்த தாங்குறது வெறும் ரப்பர்தான், எப்ப வேணா வெடிக்கும். காத்த கொறச்சா இன்னும் மோசம், சைடு கூட மடங்கி மடங்கி சூடு ஏறும். அதுக்கு பஞ்சர் கிஞ்சர்னு எந்த ரிப்பேரும் கெடையாது. களியக்காவிளை போறது இருக்கட்டும், அந்த டயர்ல கடை வரைக்குமே பைய போ.

டிரான்ஸ்போர்ட்_பென்ஷன்:
தம்பி, நான் பஸ் டிப்போவுல டயர் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க காலத்துல புது டயரு வந்தா முன்னாடிதான் போடுவோம், ரீட்ரேட் பண்ணுனத, அதான் தேஞ்ச டயருக்கு மேல புது ரப்பர் ஒட்டுனத, முன்னாடி போடவே விடமாட்டோம். ஸ்டியரிங் இருக்குற வீலுல வெடிச்சா டிரைவரால பிடிக்க முடியாது. ஆகவே கடைக்காரர் சொன்னது செரி, புதுசு முன்னாடி.

மேக்காமண்டபம்_அக்கா:
ஜாக்கி விஷயம் நான் சொல்லுதேன், ஏன்னா நானும் இதே மாதிரி ஒருக்கா மாட்டிக்கிட்டு அப்பறம் உக்காந்து படிச்சவ. உங்க முத்தம் மண்ணா சிமெண்டா? மண்ணுன்னா மழைக்கு ஊறி கெடக்கும், ஜாக்கி ஒரு பக்கமா இறங்கும், அடியில தடிச்ச பலகை வைக்காம தூக்கவே கூடாது. ஆனா உங்க தப்பு அதுக்கும் முன்னாடி. வீலு தரையில இருக்கும்போதே நட்ட எல்லாம் கால் சுத்து அரை சுத்து இளக்கி வச்சுக்கணும், அப்பறம்தான் தூக்கணும். நீங்க தூக்கிட்டு மிதிச்சீங்க, அந்த ஆட்டத்துக்கு எந்த ஜாக்கியும் நிக்காது. ஹேண்ட்பிரேக் போட்டீங்களா? போட்டாலும் அது பின் வீல மட்டும்தான் பிடிக்கும், அதனால முதல் கியர்ல போட்டுட்டு, எந்த வீல தூக்குறோமோ அதுக்கு குறுக்கு மூலையில இருக்குற வீலுக்கு முன்னயும் பின்னயும் ரெண்டு கல்லு முட்டு குடுக்கணும்.

ஜாக்கி வைக்கிற எடம் கதவுக்கு கீழ தகட்டு விளிம்புல ரெண்டு வெட்டு மாதிரி அடையாளம் இருக்கும், அதுக்கு நடுவுல. வேற எங்க வச்சாலும் தகடு நசுங்கும். மாட்டுறப்ப நட்டு எல்லாம் மொதல்ல கையால திருகி, வரிசையா இல்லாம எதிரெதிரா முறுக்கணும், இறக்குன பொறவு கடைசி முறுக்கு. ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடுனதும் மறுபடி ஒருக்கா ஸ்பானர் வச்சு பாத்துருங்க. ஸ்பானர் மேல ஏறி குதிக்காதீங்க, எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் செய்வார், அப்பறம் ரோட்டுல நான் கழட்ட வேண்டி வந்தப்ப ஒண்ணு கூட அசையல.

வண்டிக்குள்ள யாரையும் வச்சிட்டு தூக்காதீங்க, முக்கியமா அம்மாவ. கழட்டுன வீல வண்டிக்கு அடியில படுக்க போட்டு வைங்க, ஜாக்கி சாஞ்சாலும் வண்டி அதுமேலதான் உக்காரும்.

ஆரல்_காத்து:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிடுதேன், எங்க ஊரு பக்கம் முப்பந்தல்ல காத்தாடி சுத்துற சீசன்ல ரோட்டோரம் ஜாக்கி போட்டா கதவு எல்லாத்தையும் சாத்திடுங்க, திறந்த கதவ காத்து பிடிச்சு இழுத்து வண்டி ஆடுனத என் கண்ணால பாத்துருக்கேன்.

இப்ப டயர் விஷயம். பென்ஷன் அண்ணாச்சி அனுபவஸ்தர், ஆனா பஸ்ஸுக்கு சொன்ன கணக்கு காருக்கு ஆவாது அண்ணாச்சி. பஸ்ல பின்னாடி ஒரு பக்கத்துக்கு ரெண்டு டயரு, ஒண்ணு போனாலும் ஒண்ணு தாங்கும், அதுவும் நீங்க சொல்லுதது வெடிக்கிற பயம். கார்ல ரெண்டு மட்டும் மாத்துறப்ப பாக்க வேண்டிய பயம் வேற, மழையில வழுக்குறது. தண்ணி நிக்கிற ரோட்டுல வேகமா போனா பட்டன் கொறஞ்ச டயரு தண்ணிய வெளிய தள்ள முடியாம அதுக்கு மேல மிதக்கும். முன் டயரு மிதந்தா ஸ்டியரிங் திடீர்னு பஞ்சு மாதிரி லேசாவும், வண்டி நேரா போவும், ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா வேகம் கொறஞ்சு மறுபடி ரோட்ட பிடிச்சிடும். பின் டயரு மிதந்தா உங்களுக்கு தகவலே வராது, பின்பக்கம் அப்பிடியே வெளிய சுத்தி வண்டி திரும்பி நிக்கும், அத திருப்பி பிடிக்க நம்மள மாதிரி ஆளால முடியாது. அதான் முன் வீல் இழுக்குற வண்டியா இருந்தாலும் நல்ல பட்டன் உள்ள ஜோடி பின்னாடிதான் போடணும்னு டயர் கம்பெனிக்காரங்களே சொல்லுதாவ. மிஷெலின் இத ரொம்ப காலமா சொல்லிட்டு இருக்கு. கடைக்காரர் மேல தப்பு சொல்ல வரல்ல, முன்னாடி சீக்கிரம் தேயும் அதனால புதுசு அங்கன்னு வழக்கமா போயிட்டு இருக்கு, பிச்சு மாட்டுற வேலையும் மிச்சம்.

ஆனா ரெண்டு மாத்துறதா நாலான்னு அதுக்குள்ள முடிவு பண்ணாதீங்க. டயரு சைடுல டாட்-னு தொடங்குற நம்பர் வரிசையில கடைசி நாலு எண்ணு என்ன, பாத்து சொல்லுங்க. வெளிப்பக்கம் இல்லன்னா உள்பக்கம் இருக்கும்.

குலசேகரம்_பய:
டார்ச் அடிச்சு அடியில படுத்து பாத்தேன். நாலுலயும் 1418. ஸ்டெப்னி இதுவரைக்கும் தரையே தொடல்ல, புது டயர்ல இருக்குற ரப்பர் முடி கூட அப்பிடியே நிக்கி, அப்ப அதையும் சேத்து ஒண்ணு வாங்குனா போதும் இல்லியா?

ஆரல்_காத்து:
1418ன்னா 2018ல 14ஆவது வாரம், ஏப்ரல் மாசம். ஏழு வருஷம் தாண்டியாச்சு. ஸ்டெப்னி நம்பரையும் பாருங்க.

குலசேகரம்_பய:
1218 😐

வடசேரி_வண்டிக்காரன்:
ஹாஹா ஓடாத ஸ்டெப்னிதான் மூத்தது.

பால்வெட்டு_மகன்:
நான் கார் எக்ஸ்பர்ட் கெடையாது, ஆனா ரப்பர்ல பொறந்து வளந்தவன், குலசேகரம்னு பாத்ததும் எழுதணும்னு தோணிச்சு. ஓடாத டயரு எப்பிடி வயசாவும்னு கேக்குறவங்க ஒருக்கா நம்ம வீட்டு ஷீட்ட நெனச்சு பாருங்க. ஆசிட் ஊத்தி ஒறைய வச்சு ரோலர்ல அடிச்ச ஷீட்ட நல்ல வெயில்ல நாள்கணக்கா போட்டா பிசுபிசுன்னு ஒட்டும், அப்பன் அதுக்கே திட்டுவாரு, அதான் புகை போட்டு காய வைக்குறோம். டயரு ரப்பர்ல கந்தகம் சேத்து சூடாக்கி கெட்டி பண்ணிருக்கும், கரி சேத்துருக்கும், வெயிலுக்கும் காத்துக்கும் தாங்க மருந்தெல்லாம் சேத்துருக்கும், கார் டயர்ல உள்ள ரப்பர்ல பாதிக்கு மேல செயற்கை வேற. ஆனாலும் அந்த மருந்து கொஞ்சங் கொஞ்சமா தீரும், ரப்பர் இறுகிப் போவும், சைடுல மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். பட்டன் நெறைய இருக்குறது ரப்பர் உயிரோட இருக்குதுன்னு அர்த்தம் இல்ல கேட்டியளா. நகத்தால அமுக்கி பாருங்க, புதுசுல நகம் லேசா பதியும், பழசுல கல்லு மாதிரி நிக்கும்.

ஆரல்_காத்து:
சூப்பரா சொன்னீங்க பால்வெட்டு. கணக்கு என்னன்னா அஞ்சு வருஷம் ஆன பொறவு வருஷத்துக்கு ஒருக்கா விவரம் தெரிஞ்ச ஆளுகிட்ட டயர காட்டணும், 10 வருஷம் ஆனா பாக்க எப்பிடி இருந்தாலும் ஸ்டெப்னி உட்பட தூக்கிடணும்னு மிஷெலின் சொல்லுது. சில கார் கம்பெனிகாரங்க ஆறு வருஷம்னே வச்சிருக்காங்க. பட்டன் கணக்குக்கு பள்ளத்துக்குள்ள குறுக்கால ஒரு சின்ன மேடு இருக்கும், டயரு அதோட சமமா தேஞ்சா 1.6 மில்லி, சட்டப்படி அதான் எல்லை. நம்ம ஊர்ல ஜூன்லயும் மழை ஐப்பசியிலயும் மழை, நான் 3 மில்லிக்கே மாத்திடுவேன், அதுக்கு கீழ ஈர ரோட்டுல பிடிமானம் கடகடன்னு கொறையும்.

முன்னாடி உள்பக்கம் மட்டும் தேஞ்சது அலைன்மென்ட், அதான் வீலு நிக்கிற கோணம், போனது, அல்லது வீல பிடிச்சு நிக்கிற லோயர் ஆர்ம் புஷ், டை ராட் எண்டு ஆடுது. அத சரி பண்ணாம புது டயர் போட்டா அதுவும் அப்பிடித்தான் தேயும், காச ரோட்டுல தேய்க்கிற மாதிரி. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, நடுவுல மட்டும் தேஞ்சா காத்து கூடுதல்.

டிரான்ஸ்போர்ட்_பென்ஷன்:
தம்பி ஆரல் சொல்லுதது யோசிச்சு பாத்தேன், பஸ்ஸு வேற காரு வேறன்னு சொல்லுதது ஒத்துக்கிடுதேன். பின்பக்கம் சுத்துறது லாரியிலயும் பாத்துருக்கேன், லோடு இல்லாம மழையில வந்தா. ஆனா பின்னாடி போடு முன்னாடி போடுன்னு அடிச்சுக்கிடுத எல்லாரும் காத்து பாக்குறத மறந்துட்டீங்க. எங்க செக்‌ஷன்ல தினமும் அதுதான் மொத வேலை. காலைல வண்டி எடுக்கதுக்கு முன்ன, டயரு குளுந்து கெடக்கும்போ பாக்கணும். மார்த்தாண்டம் வரை ஓட்டிட்டு போயி பங்க்ல பாத்தா சூட்டுல கூட காட்டும், அத பாத்து காத்த எறக்குனா மறுநாள் கம்மியா நிக்கும். எவ்வளவு வைக்கணும்னு டிரைவர் கதவ திறந்தா தூணுல ஸ்டிக்கர் இருக்கும், டயரு மேல எழுதியிருக்கது அதிகபட்சம், அத வைக்கக் கூடாது. ஒண்ணும் இல்லன்னாலும் மாசம் ஒரு பவுண்டு தானா எறங்கும். பெட்ரோல் பங்க்ல காத்து ஃப்ரீதான், கேட்டு வாங்கு, கூச்சப்படாத. ஸ்டெப்னிக்கும் சேத்து.

குலசேகரம்_பய:
நைட்ரஜன் அடிச்சா காத்து எறங்காதுன்னு கடையில சொன்னாவளே அண்ணாச்சி?

டிரான்ஸ்போர்ட்_பென்ஷன்:
நீ மூச்சு விடுத காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் மக்கா. மிச்சத்துக்கு காசு குடுக்கணுமான்னு நீயே பாத்துக்க.

மேக்காமண்டபம்_அக்கா:
நல்ல கேள்வி கேட்டீங்க, அப்படியே பழைய டயர் வாங்கலாம்னு மட்டும் கேட்ராதீங்க. கழட்டுன டயர துடைச்சு கறுப்பு மை அடிச்சு வச்சா புதுசு மாதிரிதான் இருக்கும், உள்ள எத்தன வீக்கம் இருந்துச்சோ. புதுசுக்கும் வாங்கும்போ நாலு எண்ணு பாருங்க, இந்த வருஷத்துதான் வேணும்னு சொல்லுங்க. சைஸுக்கு பொறவு 85டி மாதிரி ஒண்ணு இருக்கும், 85ன்னா ஒரு டயரு 515 கிலோ தாங்கும், டி-ன்னா மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும், உங்க வண்டிக்கு போட்டத விட கொறஞ்சது வாங்காதீங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28 போயி 18 ஆச்சு, பில்லு கேட்டு அதுல பாருங்க. ட்ரெட்ல, அதான் பட்டன் உள்ள பக்கத்துல, ஆணி ஏறுனா 6 மில்லிக்குள்ள ஓட்டைன்னா உள்ள இருந்து மஷ்ரூம் பேட்ச், அதான் காளான் மாதிரி இருக்குற ரப்பர் ஒட்டு, போட்டா நல்லா நிக்கும், வெளிய இருந்து ஸ்ட்ரிப் திணிக்குறது வீட்டுக்கு போறதுக்கு மட்டும். சைடுல ஏறுனா டயர் போச்சுன்னு விட்ருங்க.

குலசேகரம்_பய:
அப்டேட். மெக்கானிக் மேஸ்திரி கிட்ட கழட்டி பாத்ததுல பின் டயர் ரெண்டுலயும் பட்டனுக்கு இடையில வெடிப்பு, வலது பக்க லோயர் ஆர்ம் புஷ்ஷும் போயிருக்கு. வீட்டுல ஒட்டுப்பாலு, அதான் ரப்பர் மரத்துல காஞ்சு ஒட்டுன பாலு, வித்த காசு இருந்துச்சு, அம்மை எடுத்து தந்துட்டா, நாலும் புதுசு போட்டாச்சு, எல்லாம் 2025க்கு உள்ள நம்பர்தான், புஷ் மாத்தி அலைன்மென்ட் பேலன்சிங் முடிச்சாச்சு. நாலும் போட்டதுனால முன்னாடியா பின்னாடியான்னு சண்டையே இல்லாம போச்சு. பழசுல வெடிப்பு கொறஞ்ச ஒண்ண தற்காலிகமா ஸ்டெப்னிக்கு வச்சிருக்கேன், அடுத்த மாசம் அதையும் மாத்திருவேன். நேத்து முதல் தடவ திருவனந்தபுரம் போயிட்டு வந்தோம், மழைதான், அம்மை வழியில தூங்கிட்டா. மிச்சம் டயர் வீட்டு பின்னாடி கெடக்கு, அதுல ரோஜா வைக்கணும்னு சொல்லுதா.

மேக்காமண்டபம்_அக்கா:
வைக்கட்டும், ஆனா அடியில நாலஞ்சு ஓட்டை போட்டு குடுங்க. இந்த மழைக்கு உள்ள தண்ணி நின்னா ரோஜாவுக்கு முன்னாடி டெங்கு கொசுதான் பூக்கும்.

வடசேரி_வண்டிக்காரன்:
வீக்கம் உள்ளத மட்டும் மச்சான் வீட்டுக்கு அனுப்பு.