திரும்பும்போது ஷூ திரும்பலை: சல்சா, ஜும்பா வகுப்புகளில் கண்டது (பல ஊர் ஆசிரியர்கள் பேசிக்கிட்டது, அவங்கவங்க ஊர்ப் பேரில்)

மார்த்தாண்டம்:
சல்சா வகுப்பில் வலப்பக்கச் சுற்று சொல்லிக்கொடுத்த நாள். (சல்சா, ஜோடியா ஆடுற லத்தீன் ஆட்டம்; எட்டு எண்ணிக்கை, 4லயும் 8லயும் கால் நிக்கும்.) எல்லாருக்கும் தெரிஞ்ச சுற்றுதான்: 5இல் இடக்கால் முன்னே, அரைச் சுற்று, 6இல் எடை வலக்காலுக்கு, மீதி அரை, 7இல் கால் சேரும். வரிசையில் ஒரு அக்கா, அன்னைக்குத்தான் பெட்டியைப் பிரிச்ச ரன்னிங் ஷூ. 5இல் இடுப்பும் தோளும் திரும்பிட்டு. இடக்கால் மட்டும் தரையைக் கவ்விக்கிட்டு அப்படியே நிக்குது. முட்டுக்குள்ள "டக்"குன்னு ஒரு சத்தம், பாட்டை மீறிக் கேட்டுது. ரன்னிங் ஷூ நேரா ஓடுறதுக்குச் செஞ்சது, பிடிமானம்தான் அதுக்கு வேலை. சுற்றுக்கு அதுவே எமன். எடை முன்பாதத்தில், குதிகால் ஒரு காகிதம் நுழையிற அளவு மேலே. இதைச் சொல்லாம சுற்றைத் தொடங்கவே கூடாது.

பாறசாலை:
அண்ணாச்சி, ஷூவை மட்டும் குத்தம் சொன்னா பத்தாது. தரை என்ன தரை? இங்கே ஒரு ஹாலில் யோகாவுக்கு விரிச்ச ரப்பர் மேட் மேலேயே சல்சா நடக்குது. வெறுங்காலோட ஆடின பையனுக்கும் அதே கதிதான். நம்ம பக்கத்துப் புழுக்கத்துல கொஞ்ச நேரத்துலேயே உள்ளங்கால் வேர்த்து ஒட்டிக்கும். சாக்ஸ் போட்டா டைல்ஸில் வழுக்கும். பழைய மொசைக் தரையும் அடி தேய்ஞ்ச கேன்வாஸ் ஷூவும் போதும். சுவரைப் பிடிச்சு, ஒரு முன்பாதத்தில் நின்னு கால் பங்கு வட்டம் திரும்பிப் பாருங்க. கிரீச்சுன்னு சத்தம் வந்தா அந்த ஷூ வேண்டாம்.

குழித்துறை:
கூட ஆடினவர் கையைப் பாத்தீங்களா? புதுசா ஆடுறவங்க துணையோட விரலை இறுக்கிப் பிடிச்சு இழுப்பாங்க. இழுத்தா உடம்பு காலுக்கு முன்னாலேயே திரும்பிடும். 3இல் கையை உயர்த்தி, ரெண்டு விரலைக் கொக்கி மாதிரி வளைச்சுக் கொடுத்தாப் போதும். கை உச்சந்தலைக்கு மேலே நிக்கணும்.

நாகர்கோவில்:
இங்கே பரதம் படிச்ச ஒரு பிள்ளை. 4லயும் 8லயும் காலை நிறுத்தவே முடியலை, மூணு வாரமா தாளத்துக்கு முன்னால ஓடிக்கிட்டே இருந்தது. ஒருநாள் ஓரமா உட்கார்ந்து தொடையில ஆதி தாளம் போட்டுப் பாத்தது. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், இது மூணு அடி, நடுவிரலில் நிறுத்தம். தட்டு, வீச்சு, தட்டு, மறுபடி மூணு அடி. கடைசி வீச்சில் நிறுத்தம். எழுந்து ஆடினா அச்சு பிசகலை! ஆனா இடுப்பு அசையலை. அரைமண்டிப் பழக்கம் (முட்டை மடக்கி, பாதி உட்கார்ந்த நிலை), பாதத்தைத் தட்டி வைக்குது. சல்சாவில் முட்டு மடங்கினபடியே முன்பாதத்தை வச்சு, எடையை மாத்தி, அப்புறம்தான் கால் நிமிரணும். நிமிரும்போது இடுப்பு தானா பக்கவாட்டில் சாயும். இடுப்பைத் தனியா ஆட்டினா கீழ்முதுகு வலிதான் மிச்சம்.

செங்கோட்டை:
கேரளப் பள்ளிகளில் 2025 ஜூனில் போதைக்கு எதிரா ஜும்பா வந்த பிறகு, எல்லைக்கு இந்தப் பக்கமும் அதைப் பத்தி விசாரிக்கிறாங்க. சல்சாவும் அதுவும் ஒண்ணுன்னு நினைச்சு வர்றவங்களுக்கு: ஜும்பா 1990களில் கொலம்பியாவின் காலி நகரத்து பெட்டோ பெரெஸ் தொடங்கின உடற்பயிற்சி. துணை வேண்டாம், சல்சா, மெரெங்கே, கும்பியா, ரெக்கேட்டோன்னு லத்தீன் ஆட்டங்கள் கலந்து வரும். யாரும் கேக்கலை, ஆனாலும் சொல்றேன். முதல் ரெண்டு வாரம் மெரெங்கே மட்டும் போதும்; ஒரு தட்டுக்கு ஒரு அடி, சுற்றே வேண்டாம். அடுத்து பச்சாட்டான்னு இன்னொரு லத்தீன் ஆட்டம்: மூணு அடி, நாலாவதில் எடை வைக்காம ஒரு தொடல். அடியின் அகலம் ஒரு பாதத்துக்கு மேலே போகவேண்டாம்; அகலமா வச்சா சல்சா வேகத்துக்குத் திரும்பி வர முடியாது. ஆடிக்கிட்டே ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு இருக்கணும். அந்த அக்காவுக்கு சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள்ள வீக்கமும் வந்திருந்தா எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க, தைலம் தேய்ச்சுக்கிட்டு இருக்கவேண்டாம்.

மார்த்தாண்டம்:
டாக்டர்கிட்ட அன்னைக்கே போயாச்சு. பாறசாலை சேட்டா, தரை மொசைக்தான், மேட் இல்லை. குழித்துறைக்கு: அந்தச் சுற்று தனியா ஆடினது, கூட ஆளே இல்லை. அப்புறம் அந்த இடத்தைக் குனிஞ்சு பாத்தேன். ஷூ கொஞ்சமாவது திரும்பியிருந்தா கறுப்பா ஒரு வளைகோடு விழுந்திருக்கும். ஒண்ணுமே இல்லை.