2010 ஸ்ப்ளெண்டர், ஆர்.சி. முடிந்து ஐந்து மாதம். புதுப்பிக்க 7,500 ரூபாயா?

சேர்வராயன்97 (ஜனவரி 6, 2026)

வணக்கம். அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர் பிளஸ், டிஎன் 30 நம்பர். 12.08.2010ல் ரிஜிஸ்டர் செய்தது. ஆர்.சி. (பதிவுச் சான்று) கடந்த ஆகஸ்ட் 11ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. போன வாரம் இன்சூரன்ஸ் போடலாம் என்று ஆர்.சி. புக்கைக் கையில் எடுத்தபோதுதான் தேதி கண்ணில் பட்டது. காப்பிப் பழம் எடுக்கும் சமயம், ஆள் கிடைக்காத திண்டாட்டம், வீட்டில் யாருக்கும் வேறு நினைப்பே இல்லை.

சேலத்தில் ஒரு புரோக்கரிடம் கேட்டேன். "எல்லாம் சேர்த்து 7,500 கொடுத்திருங்க, கவர்மெண்ட்டே ரேட்டை டபுள் பண்ணிட்டாங்க" என்றார். பக்கத்து எஸ்டேட்காரர், "பதினைந்து வருஷம் ஆயிட்டா வண்டியை உடைக்கத்தான் போடணும்" என்கிறார். வண்டியை விற்றால் பதினைந்தாயிரம் வருமா என்பதே சந்தேகம். அதற்கு 7,500 செலவு செய்வதா?

இதில் உண்மையான கட்டணம் எவ்வளவு? வண்டி ஏற்காட்டில் நாகலூர் பக்கம் வீட்டில் நிற்கிறது. ஆர்.சி. இல்லாமல் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போகலாமா? அதையும் சொல்லுங்கள்.

கந்தம்பட்டி_பக்கம்

உடைக்கவெல்லாம் வேண்டாம். பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்கிற கதை டெல்லி சுற்றுவட்டாரத்துக்கு. நம் ஊரில் வண்டி நன்றாக இருந்தால் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

புரோக்கர் சொன்ன 'டபுள்' பாதி உண்மை. 2025 ஆகஸ்டில் கட்டணம் ஏறியது இருபது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு. பைக்குக்கு 2,000, காருக்கு 10,000. உங்கள் வண்டிக்கு இப்போதுதான் பதினைந்து முடிந்திருக்கிறது. உங்களுக்கு 1,000 ரூபாய்தான். அது 2022 ஏப்ரல் முதலே இருக்கிற கட்டணம். அதற்கு முன் வெறும் 300.

உங்களைக் கடிப்பது அந்த ஆயிரம் இல்லை, தாமதம். பைக்குக்கு மாதம் 300 ரூபாய். மாதத்தில் ஒரு நாள் கூடினாலும் முழு மாதமாகத்தான் கணக்கு. ஆகஸ்ட் 12லிருந்து எண்ணுங்கள். ஜனவரி 11க்குள் விண்ணப்பித்தால் ஐந்து மாதம், 1,500. 12ஆம் தேதி ஆகிவிட்டால் ஆறு மாதம், 1,800. இங்கே பதில் படித்துக்கொண்டிருக்காமல் முதலில் அதை முடியுங்கள் சார்.

இது போக ஸ்மார்ட் கார்டுக்கு 200, தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. பசுமை வரி எவ்வளவு என்பது உங்கள் நம்பரைப் போட்டதும் திரையிலேயே வரும்.

பழைய_மாருதி

அந்த 10,000 கட்டியவன் நான்தான். 2005 மாருதி 800. 2020ல் புதுப்பித்தபோது 600 ரூபாய். போன செப்டம்பரில் பத்தாயிரம். இரும்புக் கடையில் போட்டால்கூட அதைவிடக் கொஞ்சம்தான் கூட வரும். ஆனாலும் கட்டினேன். வீட்டுக்காரி அதில்தான் ஓட்டப் பழகினாள், விற்கக் கூடாது என்று உத்தரவு. ஆயிரத்தோடு தப்பித்தவர் புலம்பக் கூடாது.

சேர்வராயன்97

நன்றி. அரசின் வாகனச் சேவைக்கான பரிவாஹன் தளத்தில் உட்கார்ந்தேன். ஓடிபி அப்பாவின் பழைய நம்பருக்குப் போகிறது, அந்த சிம் தொலைந்து எட்டு வருடம். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், ஆர்.சி.யில் முன்னால். அதனால் ஏதாவது தகராறு வருமா? இதற்குத்தான் புரோக்கர் வேண்டும் போல.

கந்தம்பட்டி_பக்கம்

வேண்டாம். அதே தளத்தில் மொபைல் நம்பர் மாற்ற தனி வழி இருக்கிறது. வண்டி நம்பர், ரிஜிஸ்டர் செய்த தேதி, சேஸ் நம்பர், என்ஜின் நம்பர், ஆர்.சி. முடியும் தேதி எல்லாம் கேட்கும். ஆர்.சி.யைப் பார்த்து ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அடியுங்கள். ஓ என்ற எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றி அடித்துவிட்டு, தளம் சரியில்லை என்று திட்டுபவர்கள்தான் அதிகம் (நானும் திட்டியிருக்கிறேன்). இனிஷியல் முன்னே பின்னே இருந்ததற்கு எங்கள் வீட்டு வண்டியில் பிரச்சினை வரவில்லை.

அப்புறம் முகவரி. கார்டு இப்போது தபாலில்தான் வருகிறது. ஆர்.சி.யில் பழைய சேலம் முகவரி இருந்தால் கார்டு அங்கே போய், ஆள் இல்லை என்று திரும்பிவிடும். முகவரி மாற்றத்துக்கும் கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.

மெக்கானிக்_தம்பி

கட்டணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், வண்டியை யார் பார்ப்பது? புதுப்பிக்கும் விண்ணப்பமான படிவம் 25 மட்டும் கொடுத்துவிட்டால் ஆகாது, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டி நிற்க வேண்டும். லைட், இண்டிகேட்டர், ஹாரன், கண்ணாடி, நம்பர் பிளேட், சைலன்சர் எல்லாம் ஒழுங்காக இருக்கணும்.

மலை வண்டி என்றால் ஒன்று முக்கியம். ஈரத்தில் சேஸ் நம்பர் மேல் துரு ஏறியிருக்கும். ஸ்ப்ளெண்டரில் ஹேண்டிலுக்குக் கீழே, வலது பக்கக் கழுத்தில் பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்தே போய்விடும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்து, காய்ந்ததும் வெள்ளைத்தாளை ஒட்டி வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நம்பர் பூத்து வரும். அந்தப் பென்சில் பிரிண்ட்டைத்தான் ஆபீஸில் கேட்பார்கள்.

பிரேக் ஷூவும் மாற்றிவிடுங்கள் அண்ணா. இன்ஸ்பெக்டருக்காக இல்லை, இருபது வளைவுக்காக.

அடிவாரம்

இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்கணும், மறக்காதீர்கள். தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் போதும். 2022ல் நிர்ணயித்தபடி 75 முதல் 150 சிசி வரை வருடத்துக்கு 714, ஜிஎஸ்டி தனி.

ஓட்டி வரலாமா என்று கேட்டீர்களே, யாருமே பதில் சொல்லவில்லை. ஓட்டாதீர்கள். ஆர்.சி. முடிந்த வண்டி ரிஜிஸ்டர் செய்யாத வண்டிக்குச் சமம். பிடித்தால் முதல் தடவையே 5,000 வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. அடிபட்டால் அதைவிடச் சங்கடம், இன்சூரன்ஸ்காரர்களுக்குக் கையை விரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். காப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு டாடா ஏஸ் தினமும் கீழே இறங்குகிறதே. ஓரமாக வண்டியைக் கட்டிக்கொள்ளச் சொன்னால் ஐநூறு, அறுநூறில் முடியும்.

சேர்வராயன்97 (ஜனவரி 29)

என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

10ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்குப் பணம் கட்டினேன். நம்பர் மாற்றவே இரண்டு நாள் ஓடிவிட்டது. ஓவும் பூஜ்யமும்தான், வேறென்ன. 1,000, தாமதத்துக்கு 1,500, கார்டுக்கு 200, அப்புறம் பசுமை வரி, சில்லறைச் சேவைக் கட்டணம். எல்லாம் சேர்த்தும் புரோக்கர் சொன்னதில் ஏறக்குறைய பாதிதான் வந்தது. மெக்கானிக் செலவு 1,150, டாடா ஏஸுக்கு 600. அது புரோக்கரிடம் கொடுத்திருந்தாலும் என் தலையில்தான் விழுந்திருக்கும்.

வண்டியைக் காட்டப் போன முதல் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரேக், லைட் எல்லாம் சரி. இன்ஸ்பெக்டர் ஹாரனை அடிக்கச் சொன்னார். சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் ஹாரன் மாற்றி, மறுநாள் காட்டினேன். பென்சில் பிரிண்ட் மட்டும் முதல் தடவையிலேயே அழகாக விழுந்திருந்தது, தம்பிக்கு நன்றி.

தளத்தில் பார்த்தால் 2030 ஆகஸ்ட் வரை என்று காட்டுகிறது. அதாவது புதுப்பித்த நாளிலிருந்து ஐந்து வருடம் இல்லையா? யாருக்காவது தெரியுமா?

கந்தம்பட்டி_பக்கம்

எங்கள் வீட்டு வண்டிக்கும் அப்படித்தான் வந்தது. பழைய தேதி முடிந்த நாளிலிருந்து கணக்கு. நீங்கள் சும்மா நிறுத்தி வைத்திருந்த ஐந்து மாதமும் அதிலேயே போயிற்று.

சேர்வராயன்97

சரி, போகட்டும். கார்டு இன்னும் வரவில்லை, தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா அதற்குள் ஒண்டிக்கடை வரை ஒரு ரவுண்டு போய் ஹாரனைச் சோதித்துவிட்டு வந்துவிட்டார்.