ஆசியாட் வெள்ளி நூறு ரூபாய்: சேர்த்து வைக்க வேண்டிய காசா?

தகடூரான், தருமபுரி:

பென்னாகரத்தில் உறவினர் வீட்டு மரப்பெட்டியிலிருந்து ஒரு நாணயம் போன வாரம் என் கைக்கு வந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக வெளியிட்ட 100 ரூபாய் வெள்ளி. எடை 35 கிராம். ஒரு பக்கம் அசோகச் சிங்கங்கள், மறுபக்கம் டெல்லியின் பழைய வானாய்வுக் கூடமான ஜந்தர் மந்தரைக் கோடுகளில் காட்டும் போட்டிச் சின்னம். அதைப் பார்த்த நாளிலிருந்து மனம் வேறெதிலும் நிற்கவில்லை. விளையாட்டுப் போட்டிகளுக்கு அடித்த வெள்ளி நாணயங்களை மட்டும் வரிசையாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் வீண்செலவு என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தராசுமுள், காவேரிப்பட்டணம்:

தம்பி, வேண்டாம். அந்த 35 கிராமில் வெள்ளி பாதிதான், பதினேழரை கிராம். மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியின் 100 ரூபாய்க்கும் இதே கதைதான். அதை நான் ஆசை ஆசையாக வாங்கினேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் முடையானபோது ஒரு நகைக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் உரைகல்லைக்கூட எடுக்கவில்லை. பாதி வெள்ளியைப் பிரித்தெடுக்கும் கூலிக்கே கட்டாது என்று பெட்டியோடு திருப்பித் தந்துவிட்டார். வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

காசு என்றால் கை மாற வேண்டும். சந்தையில் ஒரு கிலோ கத்தரிக்காய்கூட வாங்காத காசு என்ன காசு? அந்தப் பணத்துக்குச் சேலத்தில் கொலுசு வாங்கியிருந்தால் என் மகள் காலிலாவது கிடந்திருக்கும்.

தகடூரான்:

ஐயா, நீங்கள் பட்டது பெரிய வருத்தம். ஆனால் நாணயத்தை உருக்குவதை 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டமே தடுக்கிறது. அப்படியிருக்க, உருக்கினால் என்ன தேறும் என்று அதற்கு விலை பேசலாமா?

கத்தரிக்காய் வாங்காத காசு என்கிறீர்கள். நம் தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு ஊர் நட்ட கல். அதையும் யாரும் சந்தையில் செலவழிக்கவில்லை. நடந்ததைப் பொறித்து வைப்பதற்கென்றே ஒரு பொருள் இருக்கலாம் அல்லவா?

1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 10 மார்க் நாணயத்தைப் பாருங்கள். 15.5 கிராம், அறுபத்திரண்டரை சதவீத வெள்ளி. முதலில் அடித்தவற்றில் போட்டி ‘ஜெர்மனியில்’ நடப்பதாகப் பொறித்திருந்தார்கள். அப்போது ஜெர்மனி இரண்டு நாடு, மியூனிக் இருந்தது மேற்கு ஜெர்மனியில். கிழக்கு ஜெர்மனி ஆட்சேபித்தது. அதன் பிறகு அடித்தவற்றில் ‘ஜெர்மனியில்’ போய் ‘மியூனிக்கில்’ வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நாடு பிளந்து கிடந்த கதை தெரிகிறது. அதற்காகத்தான் சேர்க்கிறேன்.

நடத்துனர் மகள், கிருஷ்ணகிரி:

இருவரும் வெள்ளியையே பேசுகிறீர்கள். 1982-ல் அதே ஆசியாட் சின்னத்தோடு 25 பைசாவும் வந்தது. என் அப்பா பஸ் நடத்துனர். தோல் பையைக் கொட்டிக் காசு எண்ணும்போது அந்தச் சின்னம் உள்ளதை மட்டும் எடுத்து என்னிடம் தருவார். மற்றதை எண்ணி முடித்து, நான் எடுத்துக்கொண்டதற்குத் தன் சட்டைப் பையிலிருந்து சில்லறை போட்டுச் சரிக்கட்டுவார். 2011 ஜூன் முடிவோடு 25 பைசா செல்லாமல் போனது. என்னிடம் பதினான்கு இருக்கின்றன. சில காசுகளில் சின்னத்தின் கோடுகள் விரல் பட்டுப் பட்டு மழுங்கிவிட்டன. அந்த மழுக்கம்தான் எனக்குப் பிடிக்கிறது. தகடூரான் அண்ணா, உங்கள் வரிசையை இதிலிருந்து தொடங்குங்கள்.

தராசுமுள்:

அம்மா சொல்வது நியாயம். அது உழைத்த காசு.

மியூனிக் கதையையும் மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு கதை இருக்கிறதா? 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்காகக் கனடா 28 வகை வெள்ளி நாணயம் அடித்தது. 1980 மாஸ்கோவுக்கும் 28 வெள்ளி வகைகள். ஒரே போட்டிக்கு இத்தனை என்றால் அது சேர்ப்பவன் பையைக் குறிவைத்ததுதான். வாங்கியே தீருவேன் என்றால் மாண்ட்ரியலின் 10 டாலரை வாங்குங்கள். 48.6 கிராம், தொண்ணூற்றிரண்டரை சதவீதம் வெள்ளி. நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் கைகொடுக்கும். கடன் வாங்கி மட்டும் இதில் இறங்காதீர்கள்.

தகடூரான்:

கடன் வாங்க மாட்டேன் ஐயா. இருபத்தெட்டும் எனக்கு வேண்டாம், தேர்ந்துதான் எடுப்பேன்.

இப்போது என் கவலை வேறு. பென்னாகரத்து நாணயத்தை எனக்குத் தருவதற்கு முன் பளபளப்பாக இருக்கட்டும் என்று திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டார்கள். விளக்கடியில் சாய்த்தால் மயிரிழைக் கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிகின்றன. சிங்கத்தின் பிடரி இடுக்கில் வெள்ளைச் சாம்பல் இன்னும் ஒட்டியிருக்கிறது. அன்போடு செய்தது, குறை சொல்ல மனம் வரவில்லை. சாம்பலை எப்படி எடுப்பது?

நடத்துனர் மகள்:

கீறல் போகாது அண்ணா. அதைப் போக்க எதையும் பூசிவிடாதீர்கள். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கி, ஒரு கிண்ணத்தில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் விளிம்பைப் பிடித்துத் தூக்கி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. பழைய பிளாஸ்டிக் உறைகளில் போடாதீர்கள், பச்சைப் பிசுபிசுப்பு ஏறிவிடும்.

தராசுமுள்:

என் காமன்வெல்த் நாணயம் பதினைந்து வருடமாக அப்படி ஓர் உறையில்தான் கிடக்கிறது. இன்றிரவு எடுத்துப் பார்க்கிறேன்.