எழுத்தில் புரிந்த கதை திரையில் ஏன் புரியவில்லை? முதுகலை மாணவியின் குறும்படச் சந்தேகம்

கேள்வி (முதுகலை மாணவி):

வணக்கம். இலக்கியத்தில் பட்டம் பெற்ற பிறகு திரைப்பட இயக்கத்தில் முதுகலை சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். சென்ற பருவத்தில் 12 நிமிடக் குறும்படம் ஒன்றை இயக்கினேன். இறந்துபோன தாயின் வீட்டை விற்பதற்கு முந்தைய நாள், சாவியைக் கைமாற்றுவதற்காக அக்காவும் தம்பியும் அங்கே சந்திக்கிறார்கள். தம்பிக்கு விற்க மனமில்லை; அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. திரைக்கதையை வாசித்தவர்கள் எல்லோருக்கும் இது தெளிவாகப் புரிந்தது. படம் திரையிடப்பட்டபோதோ, "அந்தத் தம்பிக்கு என்னதான் வேண்டும்?" என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து கேட்டார்கள். நான்கு பக்க உரையாடலில் நான் கவனமாக எழுதிவைத்த குறிப்புகள் எவையும் அவர்களைச் சென்றடையவில்லை.

இறுதியாண்டுப் படத்துக்கு இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. இந்தக் காலத்தை ஒளிப்பதிவும் விளக்கமைப்பும் கற்பதில் செலவிடுவதா, மீண்டும் எழுத்திலேயே உழைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (படத்தொகுப்பாளர்):

இரண்டையும் சிறிது காலம் ஒத்திவைத்துவிட்டு, எடுத்த படத்தையே திரும்பத் தொகுத்துப் பாருங்கள் என்பேன். முதலில் ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டுப் படத்தை ஒருமுறை ஓடவிடுங்கள். தம்பியின் தயக்கம் எந்த ஷாட்டில் கண்ணுக்குத் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே தேறவில்லை என்றால், குறை வசனத்தில் இல்லை, வசனத்தை நம்பி நீங்கள் எடுக்காமல் விட்ட படங்களில் இருக்கிறது. சோவியத் இயக்குநர் குலெஷோவின் சோதனையை வகுப்பில் படித்திருப்பீர்கள். அசைவற்ற ஒரே முகத்தை அடுத்து ஒரு கிண்ணம் சூப்பையோ சவப்பெட்டியையோ வைத்தால், பார்ப்பவர் அந்த முகத்தில் பசியையோ துயரத்தையோ தாமாகவே கண்டுகொள்கிறார். உங்கள் படத்தில் தம்பியின் முகத்துக்கு அடுத்து என்ன வருகிறது? அக்காவின் முகம் மட்டும்தான் வருகிறது என்றால், அவன் எதை இழக்கப் போகிறான் என்பதைப் பார்வையாளர் எங்கிருந்து தெரிந்துகொள்வார்?

இன்னொன்று: என்.ஜி. (‘நோ குட்’, அதாவது சரியில்லை) என்று ஒதுக்கிய டேக்குகளைக் கட்டாயம் பாருங்கள். படப்பிடிப்பின் பரபரப்பில் பிழை என்று தோன்றியது, ஒரு மாதம் கழித்துத் தொகுப்பு மேசையில் வேறுவிதமாகத் தோன்றும். உங்கள் படத்தை நீங்களே ஒருமுறையாவது தொகுத்தால், அடுத்த திரைக்கதையை எழுதும்போதே எந்த வரி திரையில் நிற்காது என்று கை அறிந்துவிடும்.

மறுமொழி 2 (உதவி இயக்குநர்):

மேலே சொன்னதோடு ஒரு சந்தேகத்தையும் சேர்க்கிறேன். இருவரும் பேசும் காட்சியில் லுக், அதாவது நடிகர்கள் பார்க்கும் திசை, சரியாக இருக்கிறதா? அக்கா வலப்பக்கம் பார்த்துப் பேசினால் தம்பி இடப்பக்கம் பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டைக் கேமரா நடுவில் தாண்டியிருந்தால், இருவரும் ஒரே திசையில் மூன்றாவது ஆள் ஒருவரைப் பார்த்துப் பேசுவது போலாகிவிடும். காரணம் என்னவென்று பார்வையாளருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் காட்சியோடு ஒட்ட மாட்டார்.

அடுத்த படத்துக்கு முன்பு ஷாட் டிவிஷனை (காட்சியை ஷாட்டுகளாகப் பிரிக்கும் பட்டியல்) எழுதி, மாஸ்டர் (காட்சி முழுவதையும் காட்டும் ஷாட்), சஜஷன் (ஒருவரின் தோளுக்குப் பின்னிருந்து மற்றவரைக் காட்டும் ஷாட்), குளோஸப் எல்லாவற்றையும் கைப்பேசியில் நண்பர்களை வைத்தே எடுத்து ஒட்டிப் பாருங்கள். நீளத்தையும் இப்போதே முடிவு செய்வது நல்லது. ஆஸ்கர் விதிப்படி பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம்தான். கான் விழாவின் குறும்படப் போட்டிக்கோ 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மாணவர் படத்துக்கு 10 நிமிடமே தாராளம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரங்களாகத் திரும்பத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். ஒதுக்கிய டேக் ஒன்றில், தம்பியாக நடித்தவர் வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்ற முயல்கிறார். இரும்பு வளையத்தின் பிளவு நகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டுமுறை நெம்பிப் பார்க்கிறார், நகம் வழுக்குகிறது, மூன்றாம் முறை நெம்பாமல் சாவியை வெறுமனே விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கேமராவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டதால் "கட்" சொல்லிவிட்டேன். அந்த 9 விநாடிகளை வைத்துவிட்டு இரண்டு பக்க வசனத்தை நீக்கினேன். படம் இப்போது 7 நிமிடம் 40 விநாடி. புதிதாகப் பார்த்த நால்வரில் ஒருவரும் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. லுக் ஓரிடத்தில் மாறியிருந்ததும் உண்மைதான்; அந்த ஷாட்டையே எடுத்துவிட்டேன்.

ஆனால், வசனத்தை நீக்கிய இடங்களில் பின்னணி இரைச்சல் சட்டென்று அறுபட்டு மீண்டும் தொடங்குகிறது. இசையைப் போட்டு மூடிவிடலாமா?

மறுமொழி 3 (ஒலிப்பதிவாளர்):

இசையால் மூட வேண்டாம். நீங்கள் அரும்பாடுபட்டு மீட்டெடுத்த மௌனம் போய்விடும். அந்த அறையின் ரூம் டோனை, அதாவது யாரும் பேசாதபோதும் அங்கே கேட்கும் மெல்லிய பின்னணி ஒலியை, தனியாகப் பதிவு செய்யவில்லை என்று ஊகிக்கிறேன். இருக்கும் டேக்குகளில் "ஆக்‌ஷன்" சொன்ன பிறகு, முதல் வசனம் வருவதற்கு முன் ஓரிரு விநாடிகள் யாரும் பேசாமல் இருந்திருப்பார்கள். அத்தகைய துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று மெதுவாகக் கரையும்படி இணைத்து, காட்சி முழுவதற்கும் அடியில் ஒரே தடமாக ஓடவிடுங்கள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அதன் தாளம் காதுக்குப் பிடிபட்டுவிடும் என்பதால், நான்கைந்து துண்டுகளாவது தேவை.

அடுத்த முறை, ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் குழுவினர் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் இருந்தால் ஷாட்டுக்கு முன்பே அணைத்துவிடுங்கள். மீண்டும் போட மறந்துவிடாமல் இருக்க, நாங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவோம்.