9ஆம் வகுப்பு பசங்களுக்கு மனநலம் பத்தி எப்படி சொல்லித் தர்றது? உதவி வேணும்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்கூல் டீச்சர், சைக்காலஜி படிச்சவ இல்ல. இந்த டெர்ம்ல மனநலம் பத்தி 6 பீரியட் எடுக்கச் சொல்லிருக்காங்க. 10லேருந்து 19 வயசு வரைக்கும் 7 பேர்ல ஒருத்தருக்கு மனநலப் பிரச்சனை இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அப்படின்னா என் 42 பேர் கிளாஸ்ல 6 பேர் இருக்கலாம், ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கூட என்கிட்ட வாயத் திறந்து சொன்னதில்ல, அதான் மனசை அரிக்குது.

டிப்ரஷன்னா என்னன்னு போர்டுல எழுதி மனப்பாடம் பண்ண வைக்க எனக்கு இஷ்டமில்ல. பரீட்சை பயம் எல்லாருக்கும் வரும், ஆனா ரெண்டு வாரமா தூக்கமில்லாம, சாப்பாடு பிடிக்காம, எதுலயும் மனசு ஒட்டாம இருந்தா அது வேற, அந்த வித்தியாசம் புரியணும், ஃப்ரெண்டு "வாழவே பிடிக்கல"ன்னு சொன்னா ரகசியமா வெச்சுக்காம நம்பிக்கையான பெரியவங்ககிட்ட ஓடி வரணும்.

தற்கொலை பத்தி வாயே திறக்காதீங்கன்னு கூட வேலை பாக்கறவங்க பயப்படறாங்க. கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாதுன்னு ஆய்வுகள் சொல்றத காட்டியும் தயக்கம் போகல.

இதை எடுத்த டீச்சர்ஸ், கவுன்சிலர்ஸ் யாராவது இருந்தா சொல்லுங்களேன், முதல் பீரியட் எப்படி ஆரம்பிச்சீங்க? பேர் எழுதாம கேள்வி போடற பெட்டி வெச்சா பசங்க போடறாங்களா? முக்கியமா, கிளாஸ் முடிஞ்சு ஒரு பிள்ளை தனியா வந்து அழுதா அந்த நிமிஷம் என்ன பேசறது? "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்"னு மட்டும் வாக்கு குடுக்கக்கூடாதுன்னு தெரியும். அடுத்த வாரம் முதல் கிளாஸ், ப்ளீஸ்.